மின்கார் ஓட்டிப் பார்த்தேன், இனி பழைய காரை மாற்றுவது பற்றி

மின்கார் என்றதும் எல்லோரும் கேட்பது இரண்டே கேள்விதான்: பிக்கப் எப்படி, ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும். நண்பர் ஒருவரின் முதல் தலைமுறை நிசான் லீஃபைக் கொஞ்ச காலம் தினமும் ஓட்டக் கிடைத்தது. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது என் மனதில் நின்றது அந்த இரண்டுமே இல்லை. கால் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவை, கேட்ட அந்தக் கணமே கார் கொடுக்கிறது. காலை எடுத்தால் அதே ஒழுங்கோடு திருப்பி வாங்கிக்கொள்கிறது. பழைய பெட்ரோல் கார் ஒன்றை வீட்டிலேயே மின்காராக மாற்ற வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக உண்டு, அதனால் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இந்தக் குணம் எங்கிருந்து வருகிறது, வீட்டுப் பட்டறையில் இதைக் கொண்டுவர முடியுமா என்றுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முடியும். ஆனால் அதற்குக் காசும் நேரமும் போக வேண்டிய இடம் பெரிய மோட்டார் இல்லை, பெடலும் பிரேக்கும் பாதுகாப்பும்தான் என்பது என் கட்சி.

முதலில் மெதுவான வேகத்தைச் சொல்கிறேன், வித்தியாசம் அங்கேதான் அதிகம். சரிவான பார்க்கிங் பாதையில் ஏறும்போது முன்னால் போன கார் பாதி மேட்டில் நின்றுவிட்டது. மேனுவல் கியர் காராக இருந்தால் கிளட்ச் பாதி, ஆக்சிலேட்டர் பாதி, ஹேண்ட்பிரேக்கில் ஒரு கை என்று அந்த இடத்தில் ஒரு சின்னப் போராட்டமே நடந்திருக்கும். இதில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டால் ஒரு சாண் நகர்கிறது, விட்டு பிரேக்கைத் தொட்டால் நிற்கிறது, மறுபடி ஒரு சாண். உறுமல், குலுக்கல், கிளட்ச் கருகும் வாடை எதுவும் இல்லை. பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 700, 800 சுற்றுக்கு ரொம்பக் கீழே போனால் அணைந்துவிடும், அதனால் நிற்கிற சக்கரத்துக்கும் சுற்றுகிற எஞ்சினுக்கும் நடுவே கிளட்ச் வழுக்கித்தான் ஆக வேண்டும். மோட்டாருக்கு அந்தத் தொல்லை கிடையாது, நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையையும், அதாவது சுழற்றும் விசையையும், தரும். லீஃபில் அது 280 நியூட்டன் மீட்டர். எவ்வளவு கரண்ட் போகிறதோ அதை ஒட்டித்தான் முறுக்குவிசை, பேட்டரியின் டிசி கரண்டை மோட்டாருக்கு ஏற்ற ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர் அதை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து திருத்திக்கொண்டே இருக்கிறது. எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போய் எரிந்து அப்புறம் சக்கரத்துக்கு வருவதற்குள் இருக்கும் அந்தத் தாமதம் இங்கே இல்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வரைக்கும் சுறுசுறுப்பாகப் போகும், 90 தாண்டினால் சாதாரணக் கார்தான். மோட்டார் 80 கிலோவாட், கார் ஏறக்குறைய 1500 கிலோ, கியர் ஒன்றே ஒன்று, ஏறத்தாழ 8-க்கு 1 என்ற விகிதம். ஒரு குறிப்பிட்ட சுற்றுக்கு மேல் முறுக்குவிசை இறங்கத் தொடங்கும், பவர் மட்டும் ஒரே அளவில் நிற்கும், அதனால் வேகம் கூடக் கூட அந்த முதுகில் தள்ளுகிற உணர்வு குறைகிறது. எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. டிராஃபிக்கில் நாம் வாழ்வது முதல் 60-க்குள்தான்.

காலை எடுத்தால் நடப்பதற்குப் பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். பெடலின் பயணத்தில் நடுவில் ஒரு இடம் இருக்கிறது, அங்கே கார் இழுப்பதும் இல்லை, பிடிப்பதும் இல்லை, சும்மா உருளும். அதற்குக் கீழே அழுத்தினால் இழுக்கும், மேலே விட்டால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியின் வேகத்தை பேட்டரிக்குள் திருப்பும். டேஷ்போர்டில் வரிசையாக வட்டங்கள் இருக்கின்றன, இழுக்கும்போது ஒரு பக்கமும் திருப்பும்போது இன்னொரு பக்கமும் அவை ஒளிரும், அதைப் பார்த்துப் பார்த்தே கால் அந்த நடு இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. காலை மொத்தமாக டக்கென்று எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலை முன்னால் ஆடும், கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் ஆடாது. சிக்னல் சிவப்பாவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டால் பிரேக்கைத் தொடவே வேண்டாம், கடைசி சில மீட்டரைத் தவிர. 1500 கிலோ வண்டி 60-ல் போகும்போது அதனிடம் இருக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட 58 வாட் மணி. அதில் பாதிக்கு மேல் திரும்பி வந்தால் இன்னும் சில நூறு மீட்டர் ஓட்டலாம். ஒரு தடவைக்கு அது சின்னத் தொகை, ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் சூடாகிப் போகிற பிரேக் டிஸ்கை நினைத்துப் பார்த்தால் மனசுக்கு ரொம்ப நிறைவாக இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பேட்டரி முழுக்க நிறைந்திருக்கும்போது திருப்பி வாங்க உள்ளே இடம் இருக்காது, கடுங்குளிரில் பேட்டரி வேகமாக வாங்கிக்கொள்ளவும் மறுக்கும். அப்போது காலை எடுத்தால் நேற்று பிடித்த அளவு இன்று பிடிக்காது. இது பெரும்பாலான மின்கார்களுக்குப் பொது. வீட்டில் மாற்றுகிறவர் இதை மறந்தால் நிறைந்த பேட்டரிக்குள் கரண்டைத் திணித்து செல்லைக் கெடுத்துவிடும் வண்டியைக் கட்டிவிடுவார்.

சத்தம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எஞ்சின் சத்தம் போனதும் டயர் சத்தம், கதவு ரப்பர், சக்கரத்தில் தெறிக்கும் ஜல்லி எல்லாம் கேட்கத் தொடங்கும். பழைய காரை மாற்றினால் அதன் ஒவ்வொரு கிரீச்சும் வெளியே வரும், கதவு ரப்பருக்கும் புஷ்ஷுக்கும் கொஞ்சம் காசு ஒதுக்கி வையுங்கள். அதே நேரம் வெளியே நடந்து போகிறவருக்கு நீங்கள் வருவது கேட்காது. அதனால்தான் ஐநா வாகன விதி 138, மின்கார்கள் 20 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் சத்தம் எழுப்ப வேண்டும் என்கிறது. வீட்டில் மாற்றிய காருக்கும் முன் பம்பருக்குள் ஒரு சின்ன ஸ்பீக்கர் வைப்பது நல்லது, கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தூரத்தைப் பொறுத்தவரை, திரையில் தெரியும் மிச்சத் தூரம் நாம் சற்றுமுன் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணிப்புதான். 60-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆகிறது, அந்த எண் கண்ணெதிரே கரைவது அதனால்தான். இந்தக் காரின் பேட்டரி புதிதாக இருந்தபோது 24 கிலோவாட் மணி, அதாவது 24 யூனிட். ஆற்றல் கணக்கில் அது மூன்று லிட்டர் பெட்ரோலுக்கும் குறைவு. அவ்வளவு கொஞ்சத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பக் கார் நகரத்துக்குள் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு வருகிறது என்பதுதான் என்னை முழுசாகக் கவர்ந்தது.

சரி, இனி மாற்றுவது.

முதலில் ஒரு கணக்கு, இதைப் போட்டதும் பயம் பாதி போய்விடும். 1000 கிலோ எடையுள்ள சின்னக் கார் சமதளத்தில் 60-ல் சீராக ஓடச் சக்கரத்தில் ஏறத்தாழ 4 கிலோவாட் போதும். 100-க்கு 12 கிலோவாட். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில் 40-ல் ஏற, புவியீர்ப்புக்கு மட்டும் 11 கிலோவாட், மற்றதையும் சேர்த்தால் 13, 14. ஆக, முடுக்கத்துக்கும் சேர்த்து 40, 50 கிலோவாட் உச்ச சக்தி இருந்தால் சின்னக் கார் நன்றாகவே ஓடும். தினமும் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கிலோமீட்டருக்கு 130 வாட் மணி என்று வைத்தால் 8 யூனிட் ஆகிறது. 16 யூனிட் பேட்டரி வைத்தால் பாதியைத் தொடாமலே வீடு திரும்பலாம், செல்லுக்கும் ஆயுள். சாதாரண 230 வோல்ட், 10 ஆம்பியர் பிளக்கில் காலி பேட்டரிகூட ஓர் இரவில் நிறைந்துவிடும்.

பெரிய மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம், பழைய காரின் கியர்பாக்ஸ், ஆக்சில், பிரேக் எல்லாம் அதன் எஞ்சினுக்கு ஏற்பச் செய்தவை. 100 நியூட்டன் மீட்டர் எஞ்சினுக்காக வார்த்த கியர்பாக்ஸில் 280 நியூட்டன் மீட்டரை நின்ற நிலையிலிருந்து கொடுத்தால் பல் உதிரும். பெரிய மோட்டார்தான் கைக்குக் கிடைத்தது என்றால் மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் முறுக்குவிசைக்கு வரம்பு வைத்துவிடலாம், அது ஒரு எண்ணை மாற்றும் வேலைதான்.

எந்தக் காரை எடுப்பது என்றால், எடை குறைந்தது, துரு இல்லாதது, எலக்ட்ரானிக்ஸ் குறைந்தது. புதிய கார்களில் ஏபிஎஸ்ஸும் மீட்டரும் எஞ்சின் கம்ப்யூட்டரிடமிருந்து செய்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், எஞ்சினைக் கழற்றியதும் எல்லா விளக்கும் எரியத் தொடங்கும். பவர் ஸ்டியரிங் இல்லாத சின்னக் கார் கிடைத்தால் ஒரு தலைவலி மிச்சம்.

மோட்டார் விஷயத்தில் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். ஃபோர்க்லிஃப்டிலிருந்து எடுத்த சீரிஸ் டிசி மோட்டார் மலிவு, முரட்டு இழுவை, வயரிங்கும் எளிது. ஆனால் அதில் ஆற்றலைத் திருப்புவது நடைமுறையில் நடக்காது, ஆக நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த பாதி போய்விடும். இன்னும் இரண்டு ஆபத்துகள் அதில் உண்டு. சுமை இல்லாமல் சுற்ற விட்டால் வேகம் ஏறிக்கொண்டே போய் மோட்டார் சிதறும். கன்ட்ரோலரில் உள்ள டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் முழு பேட்டரியும் நேராக மோட்டாருக்குப் போகும், பெடலை விட்டாலும் வண்டி பாயும். ஏசி இண்டக்ஷன் மோட்டாரும் அதற்கென்று செய்த கன்ட்ரோலரும் சேர்ந்த கிட், 100 வோல்ட்டை ஒட்டியது, இரண்டாவது வழி. விலை கூட, ஆனால் பொறுமையில்லாதவர்களுக்கு அதுதான் சரி. மூன்றாவது, விபத்தில் அடிபட்ட மின்காரிலிருந்து மோட்டார், இன்வெர்ட்டர், கியர் மூன்றையும் ஒன்றாக எடுப்பது. பொருளின் தரத்துக்கு இதை அடித்துக்கொள்ள எதுவும் இல்லை. சிக்கல் என்னவென்றால் அந்த இன்வெர்ட்டர் அதன் சொந்தக் காரின் பேச்சை மட்டும்தான் கேட்கும். ஒன்று, அந்தப் பேச்சைப் போலவே நாமும் கேன் பஸ்ஸில், அதாவது காரின் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் வயரில், பேச வேண்டும், இல்லை உள்ளே இருக்கும் கன்ட்ரோல் போர்டை மாற்ற வேண்டும். ஓப்பன் இன்வெர்ட்டர் என்ற திறந்த மூலத் திட்டம் இந்த இரண்டுக்கும் வழி செய்து வைத்திருக்கிறது, அதில் உழைத்தவர்களுக்கு நான் மனதார நன்றி சொல்கிறேன். நான் மாற்றினால் இந்த மூன்றாவது வழிதான்.

பழைய கியர்பாக்ஸை வைத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் போட்டுவிட்டு அப்படியே ஓட்டுகிறார்கள். அதற்கு மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்க ஒரு அடாப்டர் பிளேட்டும் கப்ளிங்கும் வேண்டும். இந்த இடத்தில் மட்டும் நல்ல லேத்துக்காரரைத் தேடிப் போங்கள். இரண்டு ஷாஃப்டின் மையமும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குக்குள் ஒத்துப் போக வேண்டும். பூட்டியபின் டயல் கேஜை வைத்துக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி முள் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். முள் ஆடினால் பேரிங்கும் ஷாஃப்டின் ஸ்ப்லைன் பற்களும் ஆயுளுக்கு முன்பே போகும், அந்த அதிர்வு இந்த அமைதியான காரில் உங்கள் இருக்கை வரைக்கும் வரும்.

பேட்டரியில் ஈயத்தை மறந்துவிடலாம். கிலோவுக்கு 30, 40 வாட் மணிதான், 16 யூனிட்டுக்கு 400 கிலோவைத் தாண்டும். ஏசி ப்ரொபல்ஷன் என்ற சின்ன நிறுவனம் டீசீரோ என்ற காரை முதலில் ஈய பேட்டரியில்தான் கட்டியது, 2003-ல் அதே காரில் லேப்டாப்பில் வரும் சின்ன 18650 செல்களை ஆயிரக்கணக்கில் அடுக்கினார்கள், எடையும் தூரமும் தலைகீழாக மாறின. டெஸ்லா பிறந்ததற்கு அந்தக் கார் ஒரு தூண்டுதல். இன்று லீஃபின் பேட்டரி மாட்யூல் (சில செல்கள் சேர்ந்த கட்டு) ஒன்று 3.8 கிலோ, அரை யூனிட் கொள்ளளவு. 32 மாட்யூல் எடுத்தால் 16 யூனிட், 120 கிலோ சொச்சம், பெட்ரோல் எஞ்சினும் டேங்க்கும் சைலன்சரும் ரேடியேட்டரும் போன இடத்தில் அந்த எடையைத் தாராளமாக வைக்கலாம். பழைய மாட்யூல்களை வாங்கும்போது ஒவ்வொன்றின் கொள்ளளவையும் அளந்து ஒத்துப்போகிறவற்றை மட்டும் சேருங்கள், தொடரில் மிகவும் பலவீனமான செல்தான் மொத்த பேக்கின் அளவைத் தீர்மானிக்கும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் கொஞ்சம் கனம், ஆனால் சூட்டைத் தாங்கும், வீட்டு வேலைக்கு எனக்கு அதன்மேல் நம்பிக்கை அதிகம். அவற்றை 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது, 2.5-க்குக் கீழே இறக்கக்கூடாது. உறைநிலைக்குக் கீழே எந்த லித்தியம் செல்லையும் சார்ஜ் செய்யாதீர்கள், உள்ளே உலோக லித்தியம் படியும். இவை எல்லாவற்றையும் செல் செல்லாகப் பார்க்கிற பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மைக் கருவி) இல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக்கூடாது, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

பாதுகாப்பைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். 60 வோல்ட் டிசிக்கு மேல் போனால் அது ஆபத்தான மின்னழுத்தம் என்பதுதான் வாகன விதிகளின் கணக்கு, நாம் பேசுவது 100 முதல் 350 வரை. வீட்டு ஏசி கரண்ட் நொடிக்குப் பல தடவை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் தீப்பொறி தானே அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்தப் பூஜ்யமே இல்லை, பிடித்த தீப்பொறி விடாது. ஆகவே ஃபியூஸ், கான்டாக்டர் (பெரிய கரண்டுக்கான மின்காந்த சுவிட்ச்), சுவிட்ச் எல்லாம் டிசிக்கு, அந்த வோல்ட்டுக்கு என்று எழுதியிருப்பவையாக இருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் இரண்டிலும் கான்டாக்டர். பேக்கின் நடுவில் கையால் பிடுங்கக்கூடிய ஒரு துண்டிப்பான். உயர் வோல்ட் வயர் எதுவும் சேஸிஸைத் தொடக்கூடாது, ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் என்பது டிசிக்கான காப்புத்தடை விதி, 350 வோல்ட் பேக்குக்கு 35,000 ஓம். நல்ல வயரிங்கில் இதைவிடப் பல மடங்கு காட்டும், காட்டாவிட்டால் எங்கேயோ ஈரமோ உரசலோ இருக்கிறது.

இன்வெர்ட்டருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். காலியாக இருக்கும் அவற்றின்மேல் கான்டாக்டரை நேராகப் போட்டால் கண நேரத்துக்கு ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், கான்டாக்டரின் முனைகள் ஒட்டிப்போகும், அதன்பின் சாவியை எடுத்தாலும் பேட்டரி துண்டிக்கப்படாது. இதைத் தடுக்க ஒரு ரெசிஸ்டர் வழியாக முதலில் மெதுவாக நிரப்ப வேண்டும். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டருக்கு 100 ஓம் ரெசிஸ்டர் என்றால் அரை நொடியில் 99 சதவீதம் நிரம்பிவிடும், அப்புறம் பெரிய கான்டாக்டர் மூடலாம். அணைத்தபின்னும் அந்தக் கெப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சம் இருக்கும், மீட்டரால் பார்க்காமல் கை வைக்காதீர்கள். 1000 வோல்ட்டுக்கான ரப்பர் கையுறை போடுங்கள், மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள், பேட்டரியில் வேலை செய்யும்போது துண்டிப்பான் எங்கே என்று தெரிந்த இன்னொரு ஆள் பக்கத்தில் இருக்கட்டும்.

எஞ்சினோடு சேர்ந்து போகிற சில்லறை வேலைகளும் உண்டு. பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் கொடுத்தது எஞ்சின்தான், இனி மின் வேக்குவம் பம்பும் ஒரு சேமிப்புக் குடுவையும் வேண்டும், பம்ப் நின்றாலும் குடுவையில் இரண்டு மூன்று முறை மிதிக்கிற அளவு இருக்க வேண்டும். ஆல்டர்நேட்டருக்குப் பதில் 12 வோல்ட் பேட்டரியை நிரப்ப டிசி-டிசி கன்வெர்ட்டர். ஹீட்டருக்கு பிடிசி என்ற மின் சூடேற்றி. இவை எல்லாம் அடிபட்ட மின்காரிலேயே கிடைக்கும், மோட்டாரோடு சேர்த்துப் பேரம் பேசி வாங்கிவிடுங்கள்.

இப்போது பெடல். பலர் வண்டி நகர்ந்ததும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிற இடம் இது, எனக்கு வேலை தொடங்குகிற இடம். பெடலில் இரண்டு சென்சார் தடங்கள் இருக்க வேண்டும், இரண்டும் சொல்வது ஒத்துப்போகவில்லை என்றால் கன்ட்ரோலர் முறுக்குவிசையைப் பூஜ்யமாக்க வேண்டும். முதல் கால்வாசிப் பயணத்துக்குக் கொஞ்சமாகவே முறுக்குவிசை கொடுங்கள், அந்தப் பார்க்கிங் மேட்டில் ஒரு சாண் நகர்வது அப்போதுதான் கிடைக்கும். முறுக்குவிசை ஏறும் வேகத்துக்கும் இறங்கும் வேகத்துக்கும் தனித்தனி வரம்பு வையுங்கள், பக்கத்து இருக்கைக்காரரின் கழுத்து அதற்கு சாட்சி சொல்லும். ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பும்போது வண்டியைப் பிடிக்கும் விசையை மணிக்கு 5 கிலோமீட்டரை நெருங்கும்போது மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். மோட்டார் பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டி என்றால் ஈரத்தில் இந்த விசை பின்பக்கத்தையே வழுக்க வைக்கும், அதனால் குறைவாகவே வையுங்கள், மழைக்கென்று ஒரு சுவிட்ச்கூட வைக்கலாம். பிஎம்எஸ் நிறைந்துவிட்டது என்று சொன்னால் திருப்புவது தானாகக் குறைய வேண்டும். அப்புறம் பிரேக் விளக்கு: ஐநா விதி 13-எச் படி, காலை எடுத்ததால் வரும் வேகக் குறைப்பு நொடிக்கு நொடி 1.3 மீட்டருக்கு மேல் போனால் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தாக வேண்டும். பின்னால் வருகிறவருக்கு உங்கள் கால் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், பதிவு செய்யும் அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் பதில் வாங்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள்.

என் அடுத்த வேலை காரின் எடையை நாலு சக்கரத்திலும் தனித்தனியாக எடுப்பது. எஞ்சின் இருக்கும்போது முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்ற கணக்கு கையில் இருந்தால்தான் பேட்டரிப் பெட்டியை பானெட்டுக்குள் எவ்வளவு, டிக்கியில் எவ்வளவு என்று பிரிக்க முடியும், இரண்டு ஆக்சிலும் அவற்றின் வரம்புக்குள் நிற்கும். அதன்பின் அட்டையை வெட்டி மாட்யூல் அளவுக்குப் பெட்டிகள் செய்து எங்கெங்கே உட்காருகின்றன என்று பார்க்கப் போகிறேன். நீங்கள் யாராவது சின்ன முன்சக்கரக் காரில் லீஃப் மோட்டாரை வைத்திருந்தால் ஆக்சில் ஷாஃப்டை எப்படிச் செய்தீர்கள், இரண்டு பழைய ஷாஃப்டை வெட்டி ஒட்டினீர்களா, புதிதாகக் கடைந்தீர்களா என்று எழுதுங்கள். வெட்டி ஒட்டியதை நம்பி ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.